புடவை போனால் போகட்டும்: சென்னைக் கடைகளில் திருட்டையும் அடிதடியையும் சமாளிக்க ஒரு முழு வழிகாட்டி

தி.நகரில் நான் ஃப்ளோர் சூப்பர்வைசராக இருந்த ஜவுளிக்கடை. தீபாவளிக்கு முந்தைய வாரம், இரவு ஏழரை மணி, கால் வைக்க இடமில்லாத கூட்டம். இரண்டாம் மாடியில் ஒரு அம்மா மடித்த புடவையைக் கட்டைப் பைக்குள் தள்ளிக்கொண்டு படியிறங்கினார். பார்த்துவிட்ட எங்கள் விற்பனைப் பெண் பின்னாலேயே ஓடினாள். தூத்துக்குடிப் பக்கத்துப் பிள்ளை, வேலைக்கு வந்து எட்டு மாதம்தான் ஆகியிருந்தது. படி திரும்பும் இடத்தில் அந்த அம்மாவுக்காகக் காத்து நின்ற ஒருவன் இவள் தோளைப் பிடித்துத் தள்ளிவிட்டான். பதினோரு படி உருண்டாள். வலது மணிக்கட்டு உடைந்தது. புடவையின் விலை 1,850 ரூபாய்.

ராயப்பேட்டை அரசு ஆஸ்பத்திரியில் மாவுக்கட்டு போட்டு முடித்ததும் கேட்டேன்: “ஏம்மா ஓடினே? கத்தியிருந்தா செக்யூரிட்டி வந்திருப்பாரே?”

“போன மாசமே ரெண்டு பீஸ் காணலன்னு எழுநூறு ரூவா புடிச்சாங்கண்ணே. இதையும் புடிச்சா வீட்டுக்கு என்னத்த அனுப்ப?”

அதற்கு என்னிடம் பதில் இல்லை. அந்தப் பிடித்தப் பட்டியலில் ஒவ்வொரு மாதமும் கையெழுத்துப் போட்டவன் நான்தான்.

இப்போது புரசைவாக்கத்தில் சொந்தமாகச் சின்னக் கடை வைத்திருக்கிறேன். என்னோடு ஒன்பது பேர் வேலை செய்கிறார்கள். இருபது வருடத்தில் கற்றதை, என் கடை அளவில் கடை வைத்திருப்பவர்களையும் அங்கே நாள் முழுக்க நிற்பவர்களையும் மனதில் வைத்து எழுதுகிறேன். வரிசை முக்கியம். முதல் படியைத் தாண்டி இரண்டாவதுக்குப் போனால் மற்றதெல்லாம் வீண்.

முதல் படி: காணாமல் போனதைச் சம்பளத்தில் பிடிக்காதீர்கள்

எல்லோரும் கேமராவில் ஆரம்பிப்பார்கள். நான் சம்பளத்தில் ஆரம்பிக்கச் சொல்கிறேன். ரேக்குக்கு ரேக் ஆளை நிறுத்தி, மாதக் கடைசியில் எண்ணிப் பார்த்து, குறைந்ததை அங்கே நின்றவர்கள் தலையில் கட்டுவது நம் ஊரில் பல கடைகளில் இன்னும் வழக்கம். ‘ஷார்ட்டேஜ்’ என்று பெயர். பன்னிரண்டாயிரம், பதினான்காயிரம் சம்பளத்தில் எழுநூறு ரூபாய் போவது என்னவென்று வாங்குகிறவருக்குத்தான் தெரியும். அந்த எழுநூறுக்காக ஒரு பிள்ளை தெருவில் ஓடும், திருடன் கையைப் பிடிக்கும், கத்தி வைத்திருந்தாலும் விடாது. பொருள் போனது தெரிந்தாலும் சிலர் சொல்ல மாட்டார்கள், மாதக் கடைசி வரை மறைப்பார்கள். திருட்டு எப்போது, எப்படி நடந்தது என்ற தகவல் நமக்கு வந்து சேராது.

சட்டமும் இதை நம் இஷ்டத்துக்கு விடவில்லை. முன்பிருந்த 1936ஆம் ஆண்டுச் சம்பளப் பட்டுவாடாச் சட்டமும் சரி, இப்போதைய 2019 ஊதியச் சட்டத் தொகுப்பும் சரி, ஒன்றையே சொல்கின்றன. பொருள் அந்த ஊழியரிடம் குறிப்பாக ஒப்படைக்கப்பட்டிருக்க வேண்டும். அவருடைய கவனக்குறைவாலேயே நேரடியாக அது போயிருக்க வேண்டும். பிடிப்பதற்கு முன் அவர் தன் விளக்கத்தைச் சொல்ல வாய்ப்பு தர வேண்டும். நானூறு பேர் ஏறி இறங்கும் மாடியில் எவனோ எடுத்துப்போன புடவைக்கு இந்த மூன்றும் பொருந்தாது.

ஷார்ட்டேஜைக் கரண்ட் பில் மாதிரி கடைச் செலவில் எழுதுங்கள். பிறகு, தடித்த எழுத்தில் ஒரு தாள் அடித்து ஸ்டோர் ரூம் கதவில் ஒட்டுங்கள். என் கடையில் இருப்பது இது: “பொருள் போனால் நஷ்டம் கடைக்கு. யாரும் பின்னால் ஓடக் கூடாது. வாசற்படியைத் தாண்டக் கூடாது. யாரையும் தொடக் கூடாது. பார்த்ததை உடனே சொல்ல வேண்டும்.” புதிதாக வருகிறவருக்கு முதல் நாளே இதை வாய்விட்டுப் படித்துக் காட்டுகிறேன். முதலாளி வாயிலிருந்து வந்தால்தான் நம்புவார்கள்.

இரண்டாம் படி: ஒரு நாற்பது பக்க நோட்டு

தேதி, நேரம், எந்த ரேக், என்ன பொருள், எப்படித் தெரிந்தது. ஐந்து விஷயம், ஒரு வரி. திருட்டு மட்டும் போதாது. வாடிக்கையாளர் கெட்ட வார்த்தையில் திட்டியது, குடித்துவிட்டு வந்தவர் சண்டை போட்டது, விற்பனைப் பெண்ணின் நம்பர் கேட்டுத் தொல்லை கொடுத்தது எல்லாமே அதில் வர வேண்டும். அடி விழுந்தால்தான் சம்பவம் என்று நினைக்கிறோம். அடிக்கு முன்னால் அதே ஆள் நாலு முறை வந்து கத்தியிருப்பான்.

மூன்று மாதம் எழுதினால் நம் கடையின் முகம் தெரிந்துவிடும். எனக்குத் தெரிந்தது இதுதான்: பாதிக்கு மேல் மதியம் இரண்டிலிருந்து மூன்றரைக்குள். ஆட்கள் மாற்றி மாற்றிச் சாப்பிடப் போகும் நேரம் அது. அதுவரை மாலைக் கூட்டத்துக்காகத்தான் ஆள் சேர்த்துக்கொண்டிருந்தேன். சாப்பாட்டு நேரத்தை மூன்று பந்தியாகப் பிரித்ததும் நோட்டில் வரிகள் குறைந்தன. அதற்கு ஒரு ரூபாய்கூடச் செலவாகவில்லை.

மூன்றாம் படி: கடையைக் கொஞ்சம் திருப்பிப் போடுங்கள்

கல்லாவில் உட்கார்ந்து வாசலைப் பாருங்கள், பிறகு வாசலில் நின்று கல்லாவைப் பாருங்கள். நடுவில் எது மறைக்கிறதோ அதுதான் திருடனின் இடம். பெரும்பாலும் ஆஃபர் தொங்கவிட்ட அட்டைகளும் ஆளுயர ரேக்கும்தான் மறைக்கும். நடுவில் நிற்கும் ரேக் நெஞ்சளவு உயரத்தைத் தாண்டக் கூடாது. விலை கூடிய சின்னப் பொருட்களை வாசலிலிருந்து தள்ளிக் கல்லாப் பக்கம் கொண்டுவாருங்கள். மளிகைக் கடையில் அது நெய், பாதாம், முந்திரி, ஷேவிங் பிளேடு, பேபி பவுடர். ஜவுளியில் உள்ளாடைப் பெட்டிகளும் குழந்தை உடுப்பும். ஃபேன்ஸி ஸ்டோரில் கவரிங் நகை.

டிரயல் ரூமுக்கு எண் போட்ட டோக்கன் கொடுங்கள். மூன்று உருப்படி உள்ளே போனால் மூன்று என்ற டோக்கன். வெளியே வரும்போது எண்ணி வாங்குவது யாரையும் புண்படுத்தாது, ஏனென்றால் எல்லோருக்கும் அதே டோக்கன்தான். டிரயல் ரூமுக்குள்ளோ அதன் கதவைப் பார்த்தோ கேமரா வைக்கவே கூடாது. பெண்கள் உடை மாற்றுவதைப் படமெடுப்பது, பழைய இந்திய தண்டனைச் சட்டத்துக்குப் பதிலாக வந்த பாரதிய நியாய சன்ஹிதாவில் தனிக் குற்றம், முதல் தடவைக்கே சிறை உண்டு.

கேமராவைப் பற்றி. ஏ.கே.விஸ்வநாதன் சென்னை கமிஷனராக இருந்தபோது ‘மூன்றாவது கண்’ என்று தெருத்தெருவாகக் கேமரா வைக்கும் இயக்கம் நடந்தது. கடைக்காரர்கள் நிறையப் பேர் அப்போதுதான் வாங்கினோம். வாங்கியதோடு மறந்தவர்களும் நிறைய. மேலே சீலிங்கில் மாட்டிய கேமராவில் உச்சந்தலையும் தொப்பியும்தான் தெரியும். வாசலில் ஒன்றையாவது முக உயரத்துக்குக் கொஞ்சம் மேலே, உள்ளே வருகிறவரை நேராகப் பார்க்கும்படி வையுங்கள். வெளியே வெயில் அடிக்கும்போது முகம் கறுத்துத் தெரிகிறதா என்று மதியம் பன்னிரண்டு மணிக்கு ஒருமுறை பாருங்கள். பதிவுப் பெட்டியில் ஓடும் கடிகாரம் சரியா என்று மாதம் ஒருமுறை பாருங்கள். என்னுடையது ஒரு காலத்தில் நாற்பது நிமிடம் முந்தி ஓடிக்கொண்டிருந்தது, ஸ்டேஷனில் அதைச் சொல்லிப் புரியவைக்கவே அரை நாள் போனது. குறைந்தது முப்பது நாள் பதிவு நிற்கும் அளவுக்கு ஹார்டு டிஸ்க் போடுங்கள்.

பதிவுப் பெட்டி கல்லாவுக்கு அடியில் இருக்கவே கூடாது. 2023 பிப்ரவரியில் பெரம்பூரில் ஒரு நகைக்கடை ஷட்டரை வெல்டிங் மெஷினால் வெட்டி உள்ளே புகுந்து, 9 கிலோ தங்கத்தை அள்ளியவர்கள் கேமரா பதிவுப் பெட்டியையும் சேர்த்து எடுத்துப் போனார்கள். பூட்டிய அலமாரியிலோ மாடியிலோ வையுங்கள். முடிந்தால் வாசல் கேமரா ஒன்றின் பதிவாவது இணையத்தில் சேமிக்கப்படட்டும்.

நான்காம் படி: பேச்சு

திருட வந்தவருக்குப் பிடிக்காத ஒன்று, தன்னை ஒருவர் கவனித்துவிட்டார் என்பது. வாங்க வந்தவருக்கு அதே கவனிப்புதான் பிடிக்கும். அதனால் வாசலில் நுழைகிற ஒவ்வொருவரையும் கண்ணைப் பார்த்து “வாங்கக்கா, என்ன பாக்குறீங்க?” என்று கேட்பதைவிடப் பெரிய காவல் எதுவும் நான் பார்த்ததில்லை. ஒருவர் கையில் இரண்டு மூன்று சேர்ந்துவிட்டால், “இதை பில் போடுற இடத்துல வச்சிடட்டுமாக்கா? கை காலியா இருக்கும், நிதானமா பாக்கலாம்” என்று சொல்லச் சொல்லிக் கொடுங்கள். வாங்குபவர் நன்றி சொல்வார். மற்றவர் பொருளை வைத்துவிட்டுப் போய்விடுவார். இரண்டிலும் நமக்குச் சண்டை இல்லை.

இங்கே மனம் விட்டு ஒன்று சொல்ல வேண்டும். உடையையும் பாஷையையும் நிறத்தையும் பார்த்து இன்னார் திருடுவார் என்று முடிவுகட்டும் பழக்கம் நம் கடைகளில் இருக்கிறது. பர்தா போட்டவர் பின்னால் ஒரு ஆள், ஹிந்தி பேசும் பையன் பின்னால் ஒரு ஆள், நரிக்குறவர் குடும்பம் வந்தால் வாசலிலேயே தடுப்பது. இது அநியாயம். திருட்டைத் தடுக்கவும் உதவாது. என் நோட்டில் எழுதப்பட்டவர்களில் நெற்றி நிறையக் குங்குமம் வைத்த மாமியும் உண்டு, ஐடி கம்பெனி அட்டை தொங்கியவரும் உண்டு. ஆளைப் பார்க்க வேண்டாம், கையைப் பாருங்கள். பொருளைப் பார்க்காமல் ஊழியரையே திரும்பத் திரும்பப் பார்ப்பது, இரண்டு பேர் சேர்ந்து வந்து தெரியாதவர்கள் மாதிரி பிரிந்து நிற்பது, ஒருவர் பத்துப் புடவையை விரிக்கச் சொல்லி ஆளைக் கட்டிப்போட இன்னொருவர் ஓரமாக நகர்வது. இதுதான் அடையாளம்.

ஐந்தாம் படி: கையும் களவுமாகப் பார்த்துவிட்டால்

இங்கேதான் பெரிய தவறுகள் நடக்கின்றன. நிதானமாகப் படியுங்கள்.

பார்த்த ஊழியர் தனியாகப் போகக் கூடாது. பொறுப்பாளரைக் கூப்பிட வேண்டும். அதற்கு ஒரு சொல் வைத்துக்கொள்ளுங்கள். எங்கள் கடையில் “பச்சை பில் புக் எங்கே?” என்று கேட்டால் எல்லோருக்கும் புரியும். பொறுப்பாளரும் இன்னொருவரும் போக வேண்டும், சந்தேகப்படுகிறவர் பெண் என்றால் கட்டாயம் ஒரு பெண் ஊழியர் கூட இருக்க வேண்டும். வாசலுக்குள்ளேயே, தாழ்ந்த குரலில், “பையில ஒண்ணு பில் போடாம இருக்குற மாதிரி தெரியுது, கூட்டத்துல மறந்திருப்பீங்க, போட்டுடலாமா?” என்று கேளுங்கள். பாதிப் பேர் எடுத்துக் கொடுத்துவிடுவார்கள். கொடுத்தால் வாங்கிக்கொண்டு அனுப்பிவிடுங்கள். மறுத்தால், தள்ளினால், ஓடினால் வழிவிட்டு நில்லுங்கள். வண்டி எண், போன திசை, சட்டை நிறம் போதும்.

பையைப் பிடுங்கிச் சோதிக்காதீர்கள், உடலைத் தடவாதீர்கள். ஸ்டோர் ரூமில் உட்கார வைத்துப் பூட்டாதீர்கள். அப்படி அடைத்து வைப்பது நியாய சன்ஹிதாவின் 127ஆம் பிரிவில் ஓராண்டு வரை சிறை கிடைக்கும் குற்றம். அடித்தால் அது தனி வழக்கு. திருடியவர் புகார்தாரர் ஆகிவிடுவார், நம் பையன் குற்றவாளிக் கூண்டில் நிற்பான். கண் முன்னே பெரிய குற்றம் செய்தவரைப் பொதுமக்களே பிடித்து வைக்கலாம் என்று, கைது, விசாரணை நடைமுறைக்கான புதிய சட்டமான பாரதிய நாகரிக் சுரக்ஷா சன்ஹிதாவின் 40ஆம் பிரிவு சொல்கிறது. ஆனால் அது வாரண்ட் இன்றிக் கைது செய்யக்கூடிய, ஜாமீனில் விட முடியாத குற்றத்துக்கு மட்டும். பிடித்தவரைத் தாமதமின்றி, அதிகபட்சம் 6 மணி நேரத்துக்குள் போலீசிடம் ஒப்படைக்க வேண்டும். சோப்புக்கும் ஷாம்புக்கும் இந்த அதிகாரத்தைக் கையில் எடுக்க வேண்டியதில்லை.

எந்தப் பிரிவு என்று நம்மில் பலருக்கும் குழப்பம். 2024 ஜூலை 1 முதல் இந்திய தண்டனைச் சட்டத்தின் பழைய 379, 380 எல்லாம் போய்விட்டன. இனி நியாய சன்ஹிதாவின் எண்கள்தான். சாதாரணத் திருட்டு 303. பொருளின் மதிப்பு 5,000 ரூபாய்க்குக் குறைவு, முதல் முறை தண்டனை, பொருளும் திரும்பி வந்துவிட்டது என்றால் தண்டனை சமூக சேவைதான். பொருட்களைப் பாதுகாத்து வைக்கும் கட்டடத்துக்குள் நடக்கும் திருட்டு 305, ஏழாண்டு வரை. வேலை செய்பவரே முதலாளி பொருளைத் திருடினால் 306. பறித்துக்கொண்டு ஓடுவது 304. திருடிய பொருளோடு தப்பிக்க ஒருவரைத் தள்ளிக் காயப்படுத்திவிட்டால் அது கொள்ளை, 309, பத்தாண்டு வரை, காயப்படுத்தியதற்கு ஆயுள் தண்டனைகூட வரலாம். எங்கள் படிக்கட்டில் நடந்தது இதுதான். அது எங்களுக்குத் தெரியாததால் ‘புடவை திருட்டு’ என்று எழுதிக் கொடுத்துவிட்டு வந்தோம். எந்தப் பிரிவு போடுவது என்பது போலீஸ் முடிவு. தள்ளியதையும் காயத்தையும் விடாமல் எழுதுவது நம் பொறுப்பு.

பிடிபட்டவர் முகத்தைப் படமெடுத்து வாட்ஸ்அப்பிலும் இன்ஸ்டாவிலும் போடுவதைத் தயவுசெய்து விட்டுவிடுங்கள். பால் பவுடர் எடுத்த தாய் ஒருவரை ஒரு கடையில் அப்படிப் போட்டதைப் பார்த்தேன். மறதி நோய் உள்ள பெரியவர்கள் பில் போடாமல் எழுந்து நடந்துவிடுவதும் உண்டு, வீட்டாருக்குப் போன் போட்டால் ஓடிவந்து பணம் கட்டுவார்கள். சின்னப் பிள்ளைகள் சாக்லெட் எடுத்தால் அதட்ட வேண்டாம், பெற்றோரைக் கூப்பிட்டுப் பேசினால் போதும்.

ஆறாம் படி: கல்லா

சில்லறை கேட்டுக் குழப்புவது நம் ஊரில் பழைய வித்தை. ஐந்நூறு ரூபாய் கொடுத்து நாற்பது ரூபாய்க்கு வாங்குவார், மீதியை எண்ணும்போது “இருங்க, நூறா இருக்கு, அந்த ஐந்நூறைத் திருப்பிக் குடுங்க” என்பார், நடுவில் இன்னொருவர் விலை கேட்பார். நம் கையில் கடைசியில் நூறும் இருக்காது ஐந்நூறும் இருக்காது. வாங்கிய நோட்டைக் கல்லாவுக்குள் போடாமல் மேலேயே வைத்து, மீதியைக் கொடுத்து முடித்த பிறகே உள்ளே போட வேண்டும். குழம்பினால் “ஒரு நிமிஷம்ணே, மொதல்லேருந்து எண்ணிக்கலாம்” என்று எல்லாவற்றையும் மேஜைமேல் வைத்துவிடுங்கள். வித்தைக்காரர் அந்த ஒரு நிமிடத்துக்கு நிற்க மாட்டார்.

யுபிஐயில் வாடிக்கையாளர் காட்டும் டிக் குறியை நம்பாதீர்கள், போலி ஆப்பில் அது அப்படியே வரும். நம் ஸ்பீக்கர் பெட்டி சொல்ல வேண்டும், அல்லது நம் போனில் வரவு தெரிய வேண்டும். கூட்ட நேரத்தில் பக்கத்துக் கடைப் பெட்டி சத்தத்தை நம்முடையது என்று நினைத்து ஏமாந்ததும் உண்டு, தொகையைக் காதில் வாங்குங்கள். காலையில் கடை திறந்ததும் கியூஆர் அட்டையை விரலால் தடவிப் பாருங்கள். மேலே வேறு ஸ்டிக்கர் ஒட்டியிருந்தால் நாள் முழுக்க வசூல் எவன் கணக்குக்கோ போகும். பணம் போய்விட்டால் அதே மணி நேரத்தில் இணைய மோசடிப் புகார் எண்ணான 1930க்கு அழைக்க வேண்டும், நாளை பார்க்கலாம் என்றால் பணம் கைமாறிவிடும். கள்ளநோட்டு என்று சந்தேகம் வந்தால் வாங்க மறுங்கள். தெரியாமல் வாங்கியதை வேறு யார் தலையிலும் கட்டாதீர்கள், தெரிந்தே புழங்கவிடுவது கடுமையான குற்றம்.

கல்லாவில் பணம் சேரவிடாதீர்கள். நான் இருபதாயிரம் தாண்டினால் எடுத்து உள்பெட்டியில் போட்டுவிடுவேன். அந்தப் பெட்டிச் சாவி கல்லாவில் இருப்பவரிடம் இல்லை என்று எழுதியும் ஒட்டியிருக்கிறேன். இது அவரைச் சந்தேகப்பட்டு அல்ல, கத்தி காட்டுகிறவனிடம் அவர் உண்மையாகவே “என்கிட்ட இல்லைங்க” என்று சொல்ல முடிய வேண்டும்.

உள்ளே இருப்பவரே எடுப்பதும் நடக்கும். 2022 ஆகஸ்ட்டில் அரும்பாக்கத்தில் ஒரு நகைக்கடன் கிளையில் 30 கிலோவுக்கு மேல் தங்கம் கொள்ளை போனபோது, அந்த நிறுவனத்து ஊழியர் ஒருவரே முக்கியப் புள்ளியாகப் பிடிபட்டார். இரண்டு சாவி, இரண்டு ஆள் என்ற பழக்கம் நல்லவரையும் காப்பாற்றும். ஆனால் வேலை முடிந்து போகும் பெண்களின் கைப்பையைத் தெருவில் எல்லோர் முன்னாலும் கொட்டிச் சோதிக்கும் கேவலம் வேண்டாம். லாக்கர் கொடுத்து, பையோடு தளத்துக்கு வரக் கூடாது என்றால் விஷயம் முடிந்தது.

ஏழாம் படி: கத்துகிறவர், குடித்தவர், மாமூல் கேட்பவர்

எக்ஸ்சேஞ்ச் முடியாது என்றதும் வாடிக்கையாளர் கத்துகிறார். அந்த இடத்தில் விற்பனையாளர் செய்ய வேண்டியது ஒன்றே: கைகளைத் திறந்து காட்டி, ஒரு கை தூரம் பின்வாங்கி, “நான் பொறுப்பாளரைக் கூப்பிடுறேன் சார்” என்று சொல்லி நகர்வது. விதியை எடுத்துச் சொல்வது பொறுப்பாளர் வேலை. நாற்பது வயதுக்காரர் இருபது வயதுப் பெண்ணைக் கத்துவதுபோல் இன்னொரு நாற்பது வயதுக்காரரைக் கத்த மாட்டார். கல்லாவுக்கும் வாடிக்கையாளருக்கும் நடுவே மேஜை இருக்க வேண்டும், ஊழியரின் முதுகுக்குப் பின்னால் வெளியேற வழி இருக்க வேண்டும். மூலையில் சிக்கும்படி யாரையும் நிற்க வைக்காதீர்கள். கத்தரிக்கோல், பெட்டி அறுக்கும் பிளேடு, எடைக்கல் எதுவும் மேஜைமேல் கிடக்கக் கூடாது.

ஆயுதம் தெரிந்தால் பேச்சே இல்லை. கேட்டதைக் கொடுங்கள். கையை மெதுவாக அசையுங்கள், “கல்லாவைத் திறக்கிறேன்” என்று சொல்லிவிட்டுத் திறங்கள். போன பிறகு ஷட்டரை இறக்கி 112க்கு அழையுங்கள், 100ஐ அழைத்தாலும் கன்ட்ரோல் ரூம் எடுக்கும். ‘காவல் உதவி’ செயலியை எல்லோர் போனிலும் ஏற்றி வையுங்கள். அவசரப் பொத்தானை அழுத்தினால் இருக்கும் இடமும் சேர்ந்து போகும்.

மாமூல் வேறு கதை. திருவிழா வசூல், பிறந்தநாள் பேனர், “அண்ணன் அனுப்பினாரு” என்று வருவார்கள். ஒருமுறை கொடுத்தால் மாதாமாதம் வருவார்கள் என்பது எல்லோருக்கும் தெரியும், பயத்தில் கொடுக்கிறோம். கல்லாவில் இருக்கும் ஊழியரைப் பதில் சொல்ல விடாதீர்கள். “முதலாளிகிட்ட கேளுங்க, இதுல நான் முடிவெடுக்க முடியாது” என்பதே அவர் வாக்கியமாக இருக்கட்டும். மிரட்டிப் பணம் பறிப்பது நியாய சன்ஹிதாவின் 308ஆம் பிரிவு, இப்போது ஏழாண்டு வரை தண்டனை. தனியாகப் போய்ப் புகார் கொடுக்கப் பயம் என்றால் தெருக் கடைக்காரர்கள் பத்துப் பேர் சேர்ந்து சங்கத்தின் லெட்டர்பேடில் கொடுங்கள். தமிழ்நாடு வணிகர் சங்கங்களின் பேரமைப்பு போன்ற அமைப்புகளுக்கு அநேகமாக எல்லாப் பகுதியிலும் கிளை இருக்கிறது. 2018இல் விருகம்பாக்கத்தில் ஓசிப் பிரியாணி கேட்டு வந்த கட்சிக்காரர்கள் கடை ஊழியர்களை முகத்தில் குத்தினார்கள். கடைக் கேமராவில் பதிந்திருந்ததால் தமிழ்நாடே பார்த்தது. குத்தியவரைக் கட்சியே நீக்கிவைத்தது, வழக்கும் பாய்ந்தது. அந்தப் பதிவு இல்லாவிட்டால் ஊழியர்கள் சொல் எடுபட்டிருக்குமா என்று இன்றும் நினைக்கிறேன்.

எட்டாம் படி: பெண் ஊழியர்கள், இரவு, நாற்காலி

2013ஆம் ஆண்டின் பணியிடப் பாலியல் துன்புறுத்தல் தடுப்புச் சட்டம் முதலாளிகளுக்கும் மேனேஜர்களுக்கும் மட்டும் என்று பலர் நினைக்கிறோம். வேலை செய்யும் இடத்துக்கு வந்து போகிறவர்களிடமிருந்தும் பாதுகாப்பு தருவது முதலாளியின் கடமை என்று அதிலேயே இருக்கிறது. அளவெடுக்கிறேன் என்று கையைப் பிடிக்கும் வாடிக்கையாளரும், தினமும் வந்து வீடியோ எடுக்கும் பையனும், சரக்கு இறக்க வருகிற ஆளும் அதில் அடக்கம். பத்துப் பேர் முதல் வேலை செய்யும் கடையில் உள்புகார்க் குழு கட்டாயம். என் கடை மாதிரி பத்துக்குக் குறைவு என்றால் மாவட்ட அளவில் உள்ளூர்க் குழு இருக்கிறது. பெண்களுக்கான உதவி எண் 181, எந்த நேரமும் எடுப்பார்கள். தொல்லை கொடுத்தவர் எவ்வளவு பெரிய பில் போடுகிறவரானாலும் இனி வர வேண்டாம் என்று நானே வாசலில் நின்று சொல்லியிருக்கிறேன். வியாபாரம் குறையவில்லை. குறைந்திருந்தாலும் சொல்லியிருப்பேன்.

தமிழ்நாட்டில் 10 பேரோ அதற்கு மேலோ வேலை செய்யும் கடைகளுக்கு 24 மணி நேரமும் திறக்க 2019இல் அனுமதி வந்தபோதே, இரவு 8 மணிக்கு மேல் பெண்களை வேலை வாங்க அவர்களின் எழுத்துப்பூர்வமான சம்மதமும் பாதுகாப்பும் வேண்டும் என்றும் வந்தது. சின்னக் கடைக்காரர்களும் அதை மனதில் வையுங்கள். மூடும் நேரம் ஒன்பதரை என்றால் ஒருவரைத் தனியாக ஷட்டர் இறக்க விடாதீர்கள். இரண்டு பேர், ஒருவர் பூட்ட ஒருவர் தெருவைப் பார்க்க. வசூலை அதே நேரத்தில் அதே வழியில் அதே பையில் எடுத்துப் போகாதீர்கள். டாஸ்மாக் ஊழியர்கள் இரவு வசூலோடு போகும்போது வெட்டுப்பட்ட செய்திகளை எத்தனை படித்திருக்கிறோம். முடிந்தவரை பகலிலேயே வங்கியில் கட்டிவிடுங்கள். ஹாஸ்டலில் தங்கும் பிள்ளைகள் சேர்ந்தே போகட்டும், போய்ச் சேர்ந்ததும் ஒரு மெசேஜ்.

நாற்காலி இதில் எங்கே வந்தது என்று கேட்கலாம். 2021இல் தமிழ்நாடு கடைகள் மற்றும் நிறுவனங்கள் சட்டத்தைத் திருத்தி, எல்லா ஊழியருக்கும் உட்கார இருக்கை தர வேண்டும் என்று ஆக்கினார்கள். அதுவரை பன்னிரண்டு மணி நேரம் நின்றே வேலை. எட்டு மணி நேரம் நின்று கால் மரத்தவர் கண்ணில் எதுவும் படாது, யாராவது கத்தினால் பொறுமையும் இருக்காது. தளம் முழுக்கத் தெரிகிற மூலையில் கொஞ்சம் உயரமான ஸ்டூல் போட்டால் ஊழியருக்கு ஓய்வு, கடைக்குக் கண்.

ஒன்பதாம் படி: நடந்த பிறகு

அடிபட்டவரை முதலில் அரசு ஆஸ்பத்திரிக்கு அழைத்துப் போங்கள். எப்படிக் காயம் பட்டது என்று டாக்டரிடம் சொல்லி விபத்துப் பதிவேட்டில் எழுதவைத்து ஏ.ஆர். காப்பி வாங்குங்கள். “படியில் விழுந்தேன்” என்று சொன்னால் அதுவே எழுதப்படும், பிறகு “தள்ளினான்” என்பதை நிரூபிக்க முடியாது. ஈ.எஸ்.ஐ. (தொழிலாளர் அரசுக் காப்பீடு) இருப்பவர் என்றால் வேலை நேரத்தில் பட்ட காயம் என்று பதிவாக வேண்டும், விடுப்புக்கான பணம் அதைப் பொறுத்தது.

அன்று இரவே கேமரா பதிவை, சம்பவத்துக்குப் பதினைந்து நிமிடம் முன்னும் பின்னும் சேர்த்து, பென் டிரைவில் எடுத்து வையுங்கள். பெட்டியில் இருப்பதை அழியாமல் நிறுத்துங்கள். கோர்ட்டில் அதைக் காட்ட, புதிய சாட்சியச் சட்டமான பாரதிய சாக்ஷிய அதினியத்தின் 63ஆம் பிரிவுப்படி சான்றிதழ் வேண்டும், புலனாய்வு அதிகாரி கேட்கும்போது கேமரா மாட்டியவரையும் கூட்டிப் போங்கள். பார்த்தவர்கள் எல்லோரும் தனித்தனியாக, ஒருவரோடு ஒருவர் பேசி ஒப்பிடாமல், தான் பார்த்ததை மட்டும் எழுதட்டும்.

ஸ்டேஷனில் புகார் கொடுத்தால் சி.எஸ்.ஆர். ரசீது தருவார்கள். அது புகார் வந்ததற்கான அத்தாட்சி மட்டும். எஃப்.ஐ.ஆர். வேறு, அதன் நகல் இலவசமாகக் கிடைக்க வேண்டும் என்பது சட்டம். எந்த ஸ்டேஷன் எல்லை என்று அலைக்கழித்தால், எல்லையைப் பார்க்காமல் எந்த ஸ்டேஷனிலும் பதியலாம் என்று நாகரிக் சுரக்ஷா சன்ஹிதாவின் 173ஆம் பிரிவு சொல்வதை மரியாதையாகச் சொல்லுங்கள். இணையத்தில் அனுப்பினால் மூன்று நாளுக்குள் போய்க் கையெழுத்துப் போட வேண்டும். பதிய மறுத்தால் துணை கமிஷனருக்குத் தபாலில் அனுப்பலாம். சாட்சி சொல்லக் கோர்ட்டுக்குப் போகும் நாளுக்கு ஊழியருக்கு முழுச் சம்பளமும் வண்டிக் காசும் கொடுங்கள். இதைக் கொடுக்காததால்தான் நம் வழக்குகள் பாதி நடுவில் நின்றுவிடுகின்றன.

கடைசியாக, அடிபட்டவர் திரும்பி வரும் நாள். அதே இடத்தில் மறுநாளே நிற்க வைக்காதீர்கள், அவரைக் கேட்காமல் வேறு இடத்துக்கும் மாற்றாதீர்கள். கேளுங்கள்.

அந்தத் தூத்துக்குடிப் பிள்ளை ஆறு வாரம் கழித்து வந்தாள். அதற்குள் பிடித்தப் பட்டியலை நிறுத்தச் சொல்லி மேலே சண்டை போட்டு, பாதி ஜெயித்திருந்தேன். கீழ்த்தளத்துக்கு மாற்றட்டுமா என்று கேட்டேன். வேண்டாம் என்றாள். அப்போது மாடியில் ஒரே ஒரு பிளாஸ்டிக் நாற்காலி இருந்தது, பில் போடுபவருக்கு. அதைக் காட்டி, “அதை ஒருபக்கம் படியப் பாத்த மாதிரி போட்டுத் தாங்கண்ணே, யாரு ஏறுறா யாரு இறங்குறான்னு தெரியும்” என்றாள். போட்டுக் கொடுத்தேன்.